பக்கத்தின் தலையில் 'டெப்ரிகேட்டட்' ஏன் வருகிறது? பிஎச்பி கிளாஸில் புரொப்பர்ட்டியை ஒழுங்காக அறிவிப்பது

தளத்தை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பியை, சேவரில் இருந்த 7.4 பதிப்பிலிருந்து 8.2க்கு ஹோஸ்டிங்காரர் ஏற்றிவிட்டார். அடுத்த நாள் காலை கடைக்காரர் போன் எடுக்கிறார்: "தம்பி, எங்கட சைட்டின்ர தலையில ஏதோ இங்கிலிஷில வரி வரியா ஓடுது, பனங்கட்டி ஓடர் வந்ததோ வரேல்லையோ எண்டும் தெரியேல்ல." திறந்து பார்த்தால் "டெப்ரிகேட்டட்: கிரியேஷன் ஒஃப் டைனமிக் புரொப்பர்ட்டி ஓடர்::$முகவரி இஸ் டெப்ரிகேட்டட்" என்று பத்துப் பதினைந்து வரிகள். டெப்ரிகேட்டட் என்றால், இன்னும் ஓடும், ஆனால் கைவிடப்படப் போகிறது, இனிப் பயன்படுத்தாதே என்று பொருள். கோட்டில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. நேற்றுவரை ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிய தளம்.

யாழ்ப்பாணத்தில் கடைக்கும் கோயிலுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் தளம் செய்து கொடுக்கிற பலருக்கு இது பழகிய காட்சி. உடனே செய்வது இரண்டில் ஒன்று: பிஎச்பியைத் திரும்ப 7.4க்கு இறக்கச் சொல்வது, இல்லாவிட்டால் எச்சரிக்கையைக் காட்டாதே என்று ஒரு வரி போட்டு மூடிவிடுவது. இரண்டும் பிழை. 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28 உடன் நின்றுவிட்டன, அதில் கடையை நடத்துவது பூட்டில்லாத கதவோடு படுப்பது மாதிரி. மற்றதைப் பொறுத்தவரை, அந்த எச்சரிக்கை சொல்வது உண்மை. உங்கள் கிளாஸுக்குள் எங்கேயும் அறிவிக்காத ஒரு பெயரில் யாரோ தரவை எழுதுகிறார்கள் என்று அது சொல்கிறது. யார், எங்கே, ஏன் என்று பார்க்காமல் மூடினால், பிழை அங்கேயே இருக்கும், சத்தம் மட்டும் போய்விடும்.

ஒரு குறிப்பு: கீழே நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கிளாஸ், பப்ளிக், திஸ் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். விலாசம், தொகை போன்ற பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும். அதில் ஒரு பொறி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

## முதலில் சொற்கள்

கிளாஸ் என்பது வரைபடம். ஓடர் என்றால் அதில் விலாசம் இருக்கும், தொகை இருக்கும், நிலை இருக்கும் என்று சொல்வது கிளாஸ். அந்த வரைபடத்தை வைத்து எழுப்பிய ஒவ்வொரு வீடும் ஒப்ஜெக்ட்: இன்று காலை கொக்குவிலில் இருந்து வந்த ஓடர் ஒன்று, மத்தியானம் சாவகச்சேரியில் இருந்து வந்தது இன்னொன்று. ஒப்ஜெக்டுக்குள் தரவு இருக்கிற இடம் புரொப்பர்ட்டி. வேலை செய்கிற பகுதி மெதட். தமிழில் வகுப்பு, பொருள், பண்பு என்றும் எழுதுவார்கள், ஆனால் வேலை செய்கிற இடத்தில் எல்லோர் வாயிலும் வருவது கிளாஸ், ஒப்ஜெக்ட், புரொப்பர்ட்டிதான், இங்கேயும் அப்படியே போகிறேன்.

அறிவித்தல் என்றால், கிளாஸின் உடலுக்குள், மெதட்டுகளுக்கு வெளியே, இந்தப் பெயரில் ஒரு புரொப்பர்ட்டி இருக்கிறது என்று எழுதிவைப்பது:

கிளாஸ் ஓடர் {
    பப்ளிக் $விலாசம்;
    பப்ளிக் $தொகை = 0;
}

காணி உறுதியில் எல்லை எழுதுகிற மாதிரிதான் இது. எழுதாமலும் பல காலம் இருக்கலாம், பக்கத்து வளவுக்காரரோடு பிரச்சினை வரும்வரை.

## அறிவிக்காமலே இத்தனை வருடம் எப்படி ஓடியது?

பிஎச்பி 1995இல் வந்தபோது சின்ன வலைப்பக்கங்களுக்கான கருவியாக வந்தது. 2000இல் வந்த நான்காம் பதிப்பில் கிளாஸ் எழுதலாம், ஆனால் புரொப்பர்ட்டியை 'வார்' என்ற ஒரே சொல்லால்தான் அறிவிக்கமுடியும், எல்லாம் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். பப்ளிக் (யாரும் தொடலாம்), புரொட்டெக்டெட் (அந்தக் கிளாஸும் அதிலிருந்து நீட்டிய பிள்ளைக் கிளாஸும் தொடலாம்), பிரைவேட் (அந்தக் கிளாஸ் மட்டும் தொடலாம்) என்ற மூன்றும் 2004இல் ஐந்தாம் பதிப்போடு வந்தன. பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்து எழுதிய கோட்டில் 'வார்' இன்னும் கிடக்கும். அது இன்றைக்கும் ஓடும், பப்ளிக் என்றுதான் பொருள். புதிதாக எழுதும்போது அதை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு நாளும் பிஎச்பி இன்னொரு சலுகையும் தந்தது. அறிவிக்காத பெயரில் ஒரு மதிப்பைப் போட்டால், கேள்வி கேட்காமல் அந்த இடத்திலேயே ஒரு புரொப்பர்ட்டியை உண்டாக்கிக் கொடுத்துவிடும். இதுதான் டைனமிக் புரொப்பர்ட்டி. 2022 டிசம்பர் 8ஆம் தேதி வந்த 8.2 பதிப்பிலிருந்து இந்தச் சலுகைக்கு எச்சரிக்கை வருகிறது. ஒன்பதாம் பதிப்பில் எச்சரிக்கை போய் நேரடியாகப் பிழையாக்குவது என்று தீர்மானமும் ஆகிவிட்டது, அப்போது அந்த வரியிலேயே நிரல் நின்றுவிடும்.

உயர்தரத்தில் ஐசிடி படித்த பிள்ளைகள் பைதன் என்ற மொழியில் எழுதிப் பழகி வருகிறார்கள். பைதனில் செல்ஃப் என்று போட்டு ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுத்தால் அங்கேயே உருவாகிவிடும், தனியாக அறிவிக்கத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தோடு பிஎச்பிக்கு வருகிறவர் கன்ஸ்ட்ரக்டருக்குள், அதாவது ஒப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் மெதட்டுக்குள், $திஸ்->விலாசம் (இந்த ஒப்ஜெக்டின் விலாசம்) என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், பழைய பதிப்பில் அது ஓடவும் செய்யும். அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மொழிக்கும் சட்டம் வேறு என்பதை யாராவது முதலே சொல்லியிருக்க வேண்டும்.

## விலாசமும் முகவரியும்

இதில் என்ன ஆபத்து, ஓடினால் சரிதானே என்று கேட்கலாம். ஒரு ஓடரை எடுத்துப் பார்ப்போம்.

கிளாஸை எழுதியவர் $விலாசம் என்று அறிவித்தார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வந்து, ஃபோர்மில் இருந்து தரவை எடுக்கும் பைலில் $ஓடர்->முகவரி என்று எழுதினார். இரண்டும் நமக்கு ஒரே சொல். பிஎச்பிக்கு அப்படியில்லை. வாடிக்கையாளர் எழுதிய விலாசம் முழுவதும் 'முகவரி' என்ற புதுப் புரொப்பர்ட்டிக்குள் போய் இருந்துவிடும். பார்சல் லேபிளை அச்சடிக்கும் மெதட் 'விலாசம்' என்பதைத்தான் படிக்கும், அதில் ஒன்றும் இருக்காது. லேபிள் வெறுமையாக வரும், பிழைச்செய்தி வராது, காசு வந்திருக்கும், பார்சல் மேசையில் கிடக்கும்.

7.4இல் இந்தத் தவறு நடந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. 8.2 அதைத்தான் தலையில் எழுதிக் காட்டுகிறது. கடைக்காரர் "ஏதோ இங்கிலிஷில ஓடுது" என்று சொன்ன அந்த வரி, எத்தனையோ நாளாக ஏன் சில பார்சல்களுக்கு விலாசம் இல்லாமல் போனது என்பதற்கான பதில்.

## 'தொகை' என்று எழுத இரண்டு வழி

தமிழில் பெயர் வைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இது. நிரல் எழுதுகிற தமிழர்களுக்கென்றே வைத்த மாதிரி ஒரு பொறி.

யூனிகோடில் 'தொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது. மற்றது, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக அடுத்தடுத்து வைப்பது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிக்கமுடியாது. ஆனால் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'தொகை' முதல் விதத்தில் 12 பைட், இரண்டாம் விதத்தில் 15 பைட். பிஎச்பி பெயர்களை பைட்டு பைட்டாகத்தான் ஒப்பிடும், இரண்டும் ஒரே எழுத்து என்று அதற்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டும் இந்த விஷயத்தில் அப்படித்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கிளாஸில் $தொகை = 0 என்று நேரடியாக யூனிகோடில் தட்டினீர்கள். இன்னொரு பைலை யாரோ பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றித் தந்தார். அந்த மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கிற வகை என்றால், $ஓடர்->தொகை = 4500 என்று அங்கே எழுதியது இன்னொரு புரொப்பர்ட்டிக்குப் போய்விடும். பில்லில் 0 ரூபா. கோட்டை எத்தனை தடவை வாசித்தாலும் பிழை தெரியாது, ஏனென்றால் பிழை கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இல்லை.

கொ, கோ, கௌ என்று ஒ, ஓ, ஔ வரிசைக் குறிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். என்னுடைய கருத்து: படிப்பதற்கும் படிப்பிப்பதற்கும் தமிழ்ப் பெயர்கள் மிக நல்லவை, பிள்ளைகளுக்கு விஷயம் உடனே விளங்கும். கடையின் காசு ஓடுகிற தளத்தில் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள், திரையில் காட்டும் சொற்களைத் தமிழில் வையுங்கள். தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால், எல்லாப் புரொப்பர்ட்டியையும் அறிவித்துவிட்டு 8.2க்கு மேல் ஓடுங்கள். பைட்டு மாறினால் அதுவே எச்சரிக்கும்.

## சரியான அறிவிப்பில் என்ன இருக்கவேண்டும்

முழு வடிவம் இப்படி: யார் தொடலாம் என்ற சொல், என்ன வகை என்ற டைப், டொலர் குறியோடு பெயர், தேவையென்றால் தொடக்க மதிப்பு.

பிரைவேட் இன்ட் $தொகை = 0;

இன்ட் என்றால் முழு எண். இந்த அறிவிப்பில் ஆட்கள் தடுக்கி விழுகிற இடங்கள்:

1. முதற்சொல் இல்லாமல் வெறும் $தொகை = 0; என்று கிளாஸின் உடலுக்குள் எழுதமுடியாது. இன்ட் $தொகை; என்று டைப்பை மட்டும் போட்டாலும் ஓடாது. பப்ளிக், புரொட்டெக்டெட், பிரைவேட் என்பவற்றில் ஒன்றைப் போடுங்கள்.

2. அறிவிக்கும்போது டொலர் வரும், பயன்படுத்தும்போது வராது. $திஸ்->தொகை என்பதுதான் சரி. $திஸ்->$தொகை என்று எழுதினால் பொருளே மாறிவிடும்: $தொகை என்றொரு சாதாரண மாறியைத் தேடி, அதற்குள் என்ன சொல் இருக்கிறதோ அந்தச் சொல்லைப் புரொப்பர்ட்டியின் பெயராக எடுத்துக்கொள்ளும்.

3. மெதட்டுக்குள் $திஸ்-> இல்லாமல் $தொகை = 500 என்று எழுதினால் அது அந்த மெதட்டுக்குள் மட்டும் வாழும் மாறி. மெதட் முடிந்ததும் போய்விடும், ஒப்ஜெக்டில் ஒன்றும் மாறாது. ஜாவா படித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம் விடும் பிழை இதுதான், அங்கே திஸ் போடாமலே வேலை நடக்கும்.

4. தொடக்க மதிப்பு, நிரல் ஓடமுன்னமே தீர்மானிக்கக்கூடிய ஒன்றாக இருக்கவேண்டும். எண், சொல், அரே (பல மதிப்புகளின் தொகுப்பு), மாறிலி எல்லாம் சரி. 2014இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து 60 * 60 * 24 போன்ற கணக்கும் சரி. இன்றைய தேதியை எடுக்கும் ஃபங்ஷனை அங்கே கூப்பிடமுடியாது, நியூ போட்டு இன்னொரு ஒப்ஜெக்டை உண்டாக்கவும் முடியாது. அவை கன்ஸ்ட்ரக்டருக்குள் போகவேண்டியவை.

5. தொடக்க மதிப்பாக வெறும் அரேயைக் கொடுத்தால் ஒவ்வொரு ஓடருக்கும் அது தனியாகவே இருக்கும். பைதனில் கிளாஸ் மட்டத்தில் ஒரு லிஸ்டை வைத்து, எல்லா ஒப்ஜெக்டும் அதையே பங்கிட்டுக்கொண்டு குழம்பியவர்கள் இங்கே பயப்படத் தேவையில்லை.

யார் தொடலாம் என்பதற்கு என் பழக்கம், எல்லாவற்றையும் பிரைவேட்டில் தொடங்கி, தேவை வரும்போது மட்டும் திறப்பது. பப்ளிக் என்றால் படலை திறந்த வளவு, தெருவில் போகிற எந்தப் பைலும் உள்ளே வந்து தொகையை மாற்றிவிட்டுப் போகலாம். ஒரு தடவை பப்ளிக்காக விட்டு, இருபது பைலில் அதைத் தொட்ட பிறகு மூடுவது பெரிய வேலை. மூடியதைத் திறக்க ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

## டைப் போட்ட பிறகு வரும் புதுப் பிழை

புரொப்பர்ட்டிக்கு டைப் போடும் வசதி 2019 நவம்பரில் வந்த 7.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. இன்ட் என்று போட்ட இடத்தில் "நானூறு" என்ற சொல் வந்து விழுந்தால் அந்த இடத்திலேயே டைப்எரர் வரும், மூன்று பக்கம் தள்ளிப் பில் கணக்கில் வராது. இது பெரிய உதவி.

"450" என்று ஃபோர்மில் இருந்து வரும் சொல்லை, கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட்_டைப்ஸ்) போடாத பைலில், பிஎச்பி தானே 450 என்ற எண்ணாக மாற்றிக்கொள்ளும். இங்கே ஒரு கவனம். தொலைபேசி இலக்கத்துக்கு இன்ட் போடாதீர்கள். 021 என்று தொடங்கும் யாழ்ப்பாண லேண்ட்லைன் இலக்கம் உள்ளே போனதும் 21 என்று தொடங்கும், முன் பூச்சியம் போய்விடும். தொலைபேசி இலக்கத்தை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, அது ஸ்ட்ரிங், அதாவது சொல். காசுக்கு ஃப்ளோட்டும் (தசம எண்) வேண்டாம். ஃப்ளோட்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3க்குச் சமமாக வராது. சதத்தில் கணக்கு வைத்து இன்டாகச் சேமித்து, காட்டும்போது நூறால் வகுங்கள்.

சரி, புதுப் பிழை என்ன? டைப் இல்லாத புரொப்பர்ட்டிக்கு ஒன்றும் கொடுக்காவிட்டால் அதில் நல், அதாவது 'மதிப்பு இல்லை' என்ற குறி, இருக்கும். டைப் போட்டதும் இந்த வசதி போய்விடும். அது நல்லும் இல்லை, வெறுமையும் இல்லை, 'இன்னும் தொடங்கப்படாதது' என்ற மூன்றாவது நிலையில் இருக்கும். அப்போது அதைப் படித்தால் "மஸ்ட் நொட் பி அக்சஸ்ட் பிஃபோர் இனிஷியலைசேஷன்" என்ற பிழையோடு நிரல் நிற்கும். பலருக்கு இங்கே இன்னொரு குழப்பம்:

பிரைவேட் ?ஸ்ட்ரிங் $குறிப்பு;

கேள்விக்குறி போட்டால் நல் அனுமதி என்பதால், நல்லே உள்ளே இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. கேள்விக்குறி நல்லை வைக்க அனுமதி தருகிறது, வைத்துத் தருவதில்லை. = நல் என்று நீங்கள்தான் எழுதவேண்டும்.

இந்தப் பிழையைக் கண்டு டைப்பையே கழற்றி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். விலாசம் இல்லாத ஓடர் இருக்கவே கூடாது என்றால் அதைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்குங்கள். 2020இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அறிவிப்பையும் அங்கேயே சேர்த்து எழுதலாம்:

கிளாஸ் ஓடர் {
    பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்(
        பப்ளிக் ரீட்ஒன்லி ஸ்ட்ரிங் $விலாசம்,
        பிரைவேட் இன்ட் $தொகை = 0,
    ) {}
}

இப்படி எழுதினால் விலாசம் கொடுக்காமல் ஓடரையே உருவாக்கமுடியாது. ரீட்ஒன்லி என்ற சொல் 8.1இல், 2021இல் வந்தது: ஒரு தடவை மதிப்பு வைத்தால் பிறகு யாரும் மாற்றமுடியாது. அதற்கு டைப் கட்டாயம் வேண்டும். கிளாஸின் உடலுக்குள் அறிவித்தால் தொடக்க மதிப்பு கொடுக்கமுடியாது. ரீட்ஒன்லிக்குள் ஒரு ஒப்ஜெக்ட் இருந்தால் அந்த ஒப்ஜெக்டை வேறொன்றால் மாற்றமுடியாது, ஆனால் அதற்குள்ளே இருப்பதை மாற்றலாம், அது தெரிந்திருக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த 8.4 இன்னும் ஒரு படி போய், வெளியே இருந்து படிக்கலாம் ஆனால் கிளாஸுக்குள் மட்டும்தான் எழுதலாம் என்று ஒரே வரியில் சொல்ல வழி தருகிறது. ஹோஸ்டிங்கில் அந்தப் பதிப்பு இருந்தால் பயன்படுத்துங்கள், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

## பிரைவேட்டும் பிள்ளைக் கிளாஸும்

இது எல்லாவற்றிலும் கஷ்டமான பிழை. ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

தாய்க் கிளாஸ் ஓடர். அதில் பிரைவேட் $நிலை = "புதிது"; என்று இருக்கிறது, அந்த நிலையைத் திருப்பித் தரும் நிலைகாட்டு() என்ற மெதட்டும் இருக்கிறது. கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிற ஓடர்களுக்காக, அதிலிருந்து நீட்டி வெளிநாட்டுஓடர் என்ற பிள்ளைக் கிளாஸ் ஒன்றை எழுதுகிறோம். அதன் மெதட் ஒன்றுக்குள் $திஸ்->நிலை = "அனுப்பியாச்சு"; என்று போடுகிறோம். பிறகு நிலைகாட்டு()வைக் கூப்பிட்டால் என்ன வரும்?

"புதிது" என்றே வரும். பார்சல் கட்டுநாயக்கவால் ஏறிப்போன பிறகும்.

ஏனென்றால் பிரைவேட் புரொப்பர்ட்டி பிள்ளைக் கிளாஸின் கண்ணுக்கே தெரியாது. அங்கே எழுதியபோது, தாயின் நிலையை மாற்றாமல், அதே பெயரில் இன்னொரு டைனமிக் புரொப்பர்ட்டியை பிஎச்பி உருவாக்கிவிட்டது. உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும் வார்_டம்ப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒப்ஜெக்டுக்குள் 'நிலை' இரண்டு இருக்கும், ஒன்றின் பக்கத்தில் "ஓடர்" என்றும் பிரைவேட் என்றும் எழுதியிருக்கும், மற்றது தனியே நிற்கும். 8.2க்கு முன்னால் இதற்கு ஒரு சத்தமும் வராது.

தீர்வு இரண்டு. பிள்ளைக் கிளாஸும் தொடவேண்டியது என்றால் புரொட்டெக்டெட் என்று அறிவியுங்கள். பிள்ளை நேரடியாகத் தொடக்கூடாது என்றால் பிரைவேட்டை அப்படியே வைத்து, தாய்க் கிளாஸில் நிலையை மாற்றும் மெதட் ஒன்றைக் கொடுங்கள். பணமும் நிலையும் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் இரண்டாவதைத்தான் செய்வேன். "புதிது" என்பதிலிருந்து எதற்கு மாறலாம், எதற்கு மாறக்கூடாது என்பதை அந்த ஒரு மெதட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

## ஸ்டாட்டிக் என்பது பங்குக் கிணறு

சாதாரணப் புரொப்பர்ட்டி ஒவ்வொரு ஒப்ஜெக்டுக்கும் தனித்தனி, வளவுக்கு ஒரு கிணறு மாதிரி. ஸ்டாட்டிக் என்று அறிவித்தால் எல்லா ஒப்ஜெக்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று, பங்குக் கிணறு. பிள்ளைக் கிளாஸும், தான் அதை மறுபடி அறிவிக்காதவரை, அதே கிணற்றில்தான் அள்ளும். ஒருவர் கலக்கினால் எல்லோருக்கும் கலங்கும்.

எழுதும் முறையும் வேறு: செல்ஃப்::$எண்ணிக்கை. இங்கே டொலர் கட்டாயம் வரும், $திஸ்->இல் வராத அதே டொலர். இந்த முரண் எல்லோரையும் ஒரு தடவையாவது குழப்பும்.

ஓடர் இலக்கத்தை ஸ்டாட்டிக்கில் எண்ணி வைக்கிற யோசனை பலருக்கு வரும். வேண்டாம். வழக்கமான ஹோஸ்டிங்கில் ஒவ்வொரு ரிக்குவெஸ்டும் பிஎச்பிக்குப் புதுப் பிறப்பு, பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஸ்டாட்டிக் உட்பட எல்லாம் அழிந்துவிடும், அடுத்த வாடிக்கையாளருக்குத் திரும்பவும் முதலில் இருந்து. இலக்கத்தைத் தரவுத்தளம் கொடுக்கட்டும்.

## எச்சரிக்கையை மறைப்பது, காட்டாமல் விடுவது

இரண்டும் ஒன்றில்லை. வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் எந்தப் பிழைச்செய்தியும் தெரியக்கூடாது, அதில் சந்தேகமில்லை. அந்த வரிகளில் சேவரில் உங்கள் பைல் இருக்கும் முழுப் பாதையும் தெரிகிறது, அது யாருக்கும் தெரியவேண்டியதில்லை. தவிர, டெப்ரிகேட்டட் என்ற செய்தி நிரலை நிறுத்துவதில்லை என்றாலும், அது திரையில் அச்சாவதே வேறு இரண்டு இடங்களை உடைக்கும்:

1. லொகின் பக்கம். எச்சரிக்கை வரி முதலில் வெளியே போய்விட்டால், அதற்குப் பிறகு குக்கி வைக்கவோ வேறு பக்கத்துக்கு அனுப்பவோ முடியாமல் "ஹெடர்ஸ் ஓல்ரெடி சென்ட்" என்று வரும். ஆட்கள் பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் உள்ளே போகமுடியாது.

2. செயலிக்குத் தரவு கொடுக்கும் பக்கம். தரவை அனுப்பும் வடிவமான ஜேசனுக்கு முன்னால் எச்சரிக்கை வரி ஒட்டிக்கொண்டால் அது ஜேசனே இல்லை. போனில் உள்ள செயலி வெறுமையாக நிற்கும், தளம் மட்டும் ஓடும், பிழை எங்கே என்று இரண்டு நாள் தேடுவீர்கள்.

ஆகவே பிஎச்பி அமைப்பில் டிஸ்ப்ளே_எரர்ஸ் என்பதை நிறுத்துங்கள், பிழைகளை லொக் என்ற பதிவுப் பைலில் எழுதும் லொக்_எரர்ஸ் என்பதைத் திறந்து வையுங்கள். எரர்_ரிப்போட்டிங்கைக் குறைத்து டெப்ரிகேட்டட்டை ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் லொக்கிலும் வராது, முகவரிக்குப் போன விலாசம் பழையபடி மறைந்துவிடும்.

## பழைய தளத்தை எந்த ஒழுங்கில் திருத்துவது

முதலில் தளத்தின் பிரதி ஒன்றை உங்கள் கணினியில் 8.2க்கு மேற்பட்ட பிஎச்பியில் ஓடவிட்டு, ஓடர் போடுவது, திருத்துவது, ரத்துச் செய்வது என்று எல்லாப் பக்கத்தையும் அழுத்திப் பாருங்கள். இந்த எச்சரிக்கை நிரல் ஓடும்போதுதான் வரும், நீங்கள் திறக்காத பக்கத்தின் பிழை லொக்கில் இருக்காது, தொடரியல் மட்டும் பார்க்கும் சோதனையிலும் தெரியாது. அப்புறம் பிஎச்பிஸ்டான் போன்ற கருவியை ஓடவிடுங்கள், அது நிரலை ஓட்டாமலே வாசித்து, அறிவிக்காத புரொப்பர்ட்டிகளைப் பட்டியலாகத் தரும்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேள்வி: இது உண்மையிலேயே தேவையான புரொப்பர்ட்டியா, அல்லது ஏற்கெனவே இருக்கிற ஒன்றைப் பிழையாக எழுதியதா? தேவையானது என்றால் அறிவியுங்கள். பிழையாக எழுதியது என்றால் எழுதிய இடத்தைத் திருத்துங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கிளாஸின் தலையில் அறிவித்துவிட்டால் எச்சரிக்கை போகும், விலாசமும் முகவரியும் இரண்டும் சட்டப்படி இருக்கும், லேபிள் தொடர்ந்து வெறுமையாக வரும். ரெக்டர் போன்ற கருவிகள் அறிவிப்புகளைத் தாமே எழுதித் தரும் என்றாலும் இந்தக் கேள்விக்கு மனுசர்தான் பதில் சொல்லவேண்டும்.

சில கிளாஸ்களில் என்ன பெயர் வரும் என்றே முன்கூட்டித் தெரியாது. வெளியிலிருந்து வரும் ஜேசனை அப்படியே வைத்திருக்கும் கிளாஸ் ஒரு உதாரணம். அதற்கு ஒரு அரேயைப் பிரைவேட்டாக அறிவித்து அதற்குள் போட்டு வையுங்கள். எஸ்டிடிகிளாஸ் என்ற வெற்றுக் கிளாஸும் சரி, அதற்கு எச்சரிக்கை வராது.

வேறொருவர் எழுதிய, நீங்கள் உடனே தொடமுடியாத பெரிய கிளாஸ் என்றால் மட்டும் #[அலோடைனமிக்புரொப்பர்ட்டிஸ்] என்ற, இந்தக் கிளாஸில் டைனமிக் புரொப்பர்ட்டிக்கு அனுமதி என்று சொல்லும் வரியை அதன் தலைக்கு மேலே தனி வரியாகப் போடலாம். ஏழாம் பதிப்பில் # என்று தொடங்கும் வரி வெறும் குறிப்பு என்பதால் பழைய சேவரிலும் அது ஒன்றும் செய்யாது, இரண்டு பதிப்பிலும் ஒரே பைல் ஓடும். போட்ட இடத்தில் தேதியையும், எந்தெந்தப் பெயர்கள் இன்னும் அறிவிக்கப்படாமல் இருக்கின்றன என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், அடுத்த முறை திறக்கிறவர் அந்தப் பட்டியலில் இருந்து வேலையைத் தொடங்கலாம்.